விருத்தாசலத்தில் ஒரே பந்தலுக்குக் கீழ் இரண்டு கட்சி

2006 உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் போன பயணம் இது. நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்துகிறவள். ஜனநாயகம், ஜனநாயகம் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறோமே, ஒரு தெருவிலாவது எதிரெதிர் வேட்பாளர்களை ஒன்றாக உட்காரவைத்து மக்களைக் கேள்வி கேட்கச் சொல்லலாமே என்று மாணவர்களோடு கிளம்பினேன். "நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு?" என்றார் துறைத் தலைவர். வம்பே இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?

இடத்தைச் சொன்னவள் என் மாணவி கலைவாணி. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டித்தான் அவள் தெரு. அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் பேசிக்கொண்டு மாதக்கணக்காகிவிட்டதாம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. அவள் அப்பா முருகேசன் சூளையில் வேலை பார்ப்பவர், ஒரு கட்சியின் கிளைச் செயலாளரும்கூட. போனில் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "கூட்டத்துல ஒரு நாற்காலி பறந்துச்சுன்னாலும் அன்னியோட உன் படிப்புக்கு முழுக்கு."

எழும்பூரில் காலை ரயில். விழுப்புரம் வரை பசங்க ஒரே பாட்டு, கும்மாளம். கலைவாணி மட்டும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஆட்டோ நாற்பது ரூபாய். எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார். "போன வாரந்தான் மேடம், போஸ்டர் ஒட்டுற தகராறுல அங்க ஒருத்தருக்கு மண்ட ஒடஞ்சிது. சட்டுனு முடிச்சிட்டுக் கெளம்பிடுங்க."

சூளைக்கு எதிரே காலி மனையில் பந்தல், முன்னால் இரண்டு வேட்பாளர்கள். சண்டை வரக் கூடாதென்று பசங்க இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் இன்னொரு கட்சி என்று நாற்காலி போட்டு, நடுவில் கயிறும் கட்டியிருந்தார்கள். அட புத்திசாலிகளா! முதல் கேள்வியே வசவாக வந்தது. எதிர்ப்பக்கம் மொத்தமும் எழுந்தது. பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். முருகேசன் மகளைப் பார்த்து, "கெளம்பு வூட்டுக்கு" என்றார்.

அவள் கிளம்பவில்லை. மைக்கைப் பிடுங்கினாள். "சூளைக்குள்ள யாரு வண்டி மொதல்ல போவணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"சீட்டுக் குலுக்கித்தான்" என்றது ஒரு பெண் குரல்.

அந்தச் சூளை பல சிறு பட்டறைகளுக்குப் பொது; சரக்கை அடுக்கிய வண்டியோடு உள்ளே தள்ளுவார்கள். யார் சரக்கு முதலில் வேகவேண்டும் என்பதைச் சீட்டுதான் சொல்லும். அதை எந்தக் கட்சிக்காரரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"அப்ப இங்கயும் அதான். எல்லாரு பேரையும் எழுதிக் குலுக்குவோம். சீட்டு வந்தவங்க யாரை வேணும்னாலும் ஒரு கேள்வி கேக்கலாம். டேய், அந்தக் கயித்த அவுருங்கடா!"

சூளையிலிருந்தே தகர டப்பா வந்தது. முதல் சீட்டு: முருகேசன்.

"எழுந்திருண்ணே, உங்காளுக்கு ஒரு ஜே போடு" என்று எதிர்ப்பக்கம் சிரித்தது. அவர் எழுந்து தன் பக்கத்து வேட்பாளருக்கு நேரே நின்றார். அவர் கட்சி வேட்பாளர்தான் அப்போதைய கவுன்சிலர். நம்மாள்தானே என்று வேட்பாளர் தைரியமாகப் புன்னகைத்தார்.

"அஞ்சு வருசமா நீங்கதான் கவுன்சிலரு. உங்களுக்கு வூடு வூடாப் போயி ஓட்டு கேட்டவன் நானு. கொழாயில தண்ணி எங்க தலைவரே?"

எதிர்ப்பக்கம் கைதட்டியது. முருகேசன் திரும்பினார். "தட்டாதீங்க. உங்காளு ஜெயிச்சாலும் இதத்தான் கேப்பேன். அப்ப நீங்களும் என்கூட நின்னு கேக்கணும்."

நாற்காலியைத் தூக்கியவர் அதிலேயே உட்கார்ந்தார். இருட்டும்வரை கேள்விகள் ஓடின. யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, வந்தபடியே தனித்தனியாகத்தான் போனார்கள். ஆனால் அடுத்தவர் கேள்வியைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்லப் பல்கலைக்கழகம் வேண்டாம். இப்படி உட்கார ஓர் இடம் போட்டுக் கொடுத்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

இதுபோலக் கிளம்புகிறவர்களுக்கு: காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் வீட்டில் டீ குடிக்காதீர்கள், கடையில் குடியுங்கள். ரயிலுக்கு நேரமிருந்தால் பழமலைநாதர் கோயிலைப் பார்க்கலாம். முக்கியமாக, கயிறு கட்டாதீர்கள்.

ஸ்டேஷனுக்கு முருகேசன் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் அசைந்ததும் ஜன்னலோடு கூடவே நடந்தார். "கட்சில போன் பண்ணிட்டாங்க. செயலாளர் பதவி போனாப் போவுது. நீ பரீட்சைய வுட்டுடாத."