இடப்பக்கம் நிற்கும் குழாய்க்காரர்

கேமரா ஸ்டாண்டை விரிக்கும் சத்தம் கேட்டால் போதும், குழாய்க்காரர் கையில் ஸ்பேனரோடு ஓடி வந்துவிடுவார். போர்ச் செய்தி சொல்லும் எங்கள் பெண் நிருபர் வலப்பக்கம். இவர் நான்கடி பின்னால், இடப்பக்கம். கை அசைக்க மாட்டார், பல்லைக் காட்ட மாட்டார். முதலில் நேராகப் பார்ப்பார். பிறகு காது தெரியும்படி மெல்லத் திரும்பி நிற்பார். படம்பிடிக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குண்டுவீச்சில் வீடிழந்த எண்ணூறு பேர் தங்கியிருக்கும் பள்ளிக்கூடம் இது. இவரும் வீடிழந்தவர்தான். ஒழுகும் குழாய்களையெல்லாம் சரிசெய்வது இவர் வேலை. "யாருய்யா அந்த ஆளு, தினமும் குறுக்க வந்து நிக்கிறான்?" என்று அலுவலகத்திலிருந்து எனக்குத்தான் திட்டு விழும். கேமராவை நகர்த்தினால் இவரும் நகர்வார். சரியான விடாக்கண்டன்.

ஒருநாள் பொறுமையிழந்து, "பேட்டி வேணும்னா எடுக்கறேண்ணே, அப்புறம் ஆள விடுங்க" என்றேன்.

"பேட்டி குடுத்தா அரை நிமிஷம் காட்டிட்டு வெட்டிருவீங்க. பின்னால நின்னா தினம் நாலு வேளை வருவேன்" என்று சிரித்தார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓடி வர்றப்ப எங்கக்கா வேற லாரியில ஏறிட்டா. போனும் போச்சு, நம்பரும் போச்சு. எத்தன பேரு செத்தாங்கன்னு நீங்க தினமும் சொல்றீங்க. நான் சாகலன்னு அவளுக்கு யாரு சொல்றது?"

"காத எதுக்குக் காட்டுறீங்க?"

"சின்ன வயசுல இதப் பிடிச்சுத் திருகினவ அவதான். மூஞ்சி மறந்தாலும் இது மறக்காது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றுமுதல் நானே அவருக்கு இடம் விட்டுப் படம்பிடித்தேன். முகத்தில் வெளிச்சம் போதாவிட்டால் ஓரடி முன்னால் வரச் சொல்லிக் கை காட்டுவேன். அலுவலகம் கத்தியது, கத்தட்டும்.

பத்தொன்பதாம் நாள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு. எல்லைக்கு அப்பால், ஏதோ மருத்துவமனை வார்டிலிருந்து ஒரு பெண்: "செய்தி சொல்ற பொண்ணக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க. என் தம்பிய மறைக்குது."

என் போனுக்கே இணைப்புக் கொடுத்தார்கள். குழாய்க்காரர் "அக்கா" என்றார், அவ்வளவுதான். மறுமுனையில் திட்டு பொழிந்தது. "ஏண்டா இப்படி எளச்சுப் போயிட்ட? சாப்பிடுறியா இல்லியா?" கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, "சாப்பிடுறேன், சாப்பிடுறேன்" என்று தலையாட்டிச் சிரித்தார். நிருபரும் நானும் வெட்கமில்லாமல் அழுதோம். அவ்வளவு சந்தோஷம்.

இனி நிம்மதியாகப் படம்பிடிக்கலாம் என்றிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது. மறுநாள் மதியச் செய்திக்கு ஆள் வந்துவிட்டார், கூடவே நாற்பது பேர். எல்லாரும் யாரையோ தேடுகிறவர்கள். உயரமானவர்களைப் பின்வரிசைக்கு விரட்டினார். "மேடம், நீங்க உக்காந்துக்கிட்டே செய்தி சொல்லுங்களேன்" என்றார். நிருபர் மறுபேச்சின்றி உட்கார்ந்தார்.

மகளைத் தேடும் குட்டையான அம்மாள் ஒருவர் மட்டும் கேமராவில் தெரியவில்லை. குழாய்க்காரர் தன் கருவிப்பெட்டியைக் காலிசெய்து கவிழ்த்து, அவரை அதன்மேல் ஏற்றினார். ஒளிபரப்பு தொடங்கியபோது படத்தில் குழாய்க்காரர் இல்லை. கீழே குந்தி, பெட்டி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.