சண்முகராஜா முதலாளியை நடக்கவைத்த லோஜினி

லோஜினிக்கு இருபத்தாறு வயது. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்து, ஓ.எல். பரீட்சை வரை படித்து, இரண்டு வருடம் அக்கா தனுஜாவோடு கொழுந்து பறித்தவள். மூன்று வருடமாக, மலைநாட்டை நடந்தே பார்க்க வருகிறவர்களோடு நடப்பதுதான் அவளுக்கு வேலை. ஆனால் எப்போதும் கடைசி ஆளாக. பின்தங்குகிறவர்களைக் கூட்டிவருவதும், அவர்கள் மறந்துவிட்ட தொப்பியை எடுத்துவருவதும் அவள் பாடு. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வேகத்தில் ஏறுவது, என்ன உடுத்துவது என்று சொல்கிற முன் ஆள் வேறு யாராவதாக இருப்பார்.

இந்த நடைகளை ஏற்பாடு செய்கிற பிரதாப்புக்கு ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகம். ஒருநாள் அவளைக் கூப்பிட்டான்.

"இன்னும் ரெண்டு வாரத்துல அஞ்சு நாள் நடைக்கு ஆறு பேரு வாறாங்க. முன்னால போக ஆளில்ல. நீ போவியா?"

"போவேன்."

"அப்ப ஒரு மூணு நாள் நடைய தனியா முடிச்சுக் காட்டு. அவங்க வாறதுக்கு முந்தின செவ்வாக்கெழம மூணு மணிக்கு கொட்டகல ஸ்டேஷன்ல நிப்பேன். எல்லாரும் நடந்து வரணும். ஒராளு ஓட்டோவுல ஏறினாலும் நீ பழையபடி கடைசிதான்."

"யாரக் கூட்டிட்டுப் போகணும்?"

"சண்முகராஜா மொதலாளியும் அவரு சம்சாரமும்."

லோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹட்டன் கடைவீதியில் பெரிய துணிக்கடை சண்முகராஜாவுடையது. அறுபத்திரண்டு வயது. கல்லாவிலிருந்து கார் வரைக்கும்தான் நடப்பார். இனி நடந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

லோஜினி நோட்டுக் கொப்பியை எடுத்தாள். நடைக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிறு அக்காவோடு முதல் நாள் வழியை நடந்து பார்த்து, வளைவுக்கு வளைவு நேரம் குறித்துக்கொண்டாள். பதினொரு கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி. முதலாளிக்காக அதை இரட்டிப்பாக்கி, அதற்கு மேலும் அரை மணி சேர்த்தாள். பிறகு உடுப்புப் பட்டியலோடு கடைக்குப் போனாள்.

"ஜீன்ஸ் வேணாம் மொதலாளி. லேசான காற்சட்டை ரெண்டு, சீக்கிரம் காயிற ஜேர்சி ரெண்டு. இன்னொரு செட்ட பொலித்தீன்ல சுத்தி வச்சிருங்க. தங்குற எடம் வந்தாத்தான் அதத் தொடணும்."

"துணியப் பத்தி எனக்கே சொல்லித் தாறியா புள்ள? முப்பத்தஞ்சு வருஷமா துணி அளக்கிறேன்."

"அளக்கிறது வேற மொதலாளி, நனையிறது வேற."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கோசலா, ஓய்வுபெற்ற டீச்சர், வாயை மூடிக்கொண்டு சிரித்தார். லோஜினி ஆளுக்கொரு படங்கையும் கொடுத்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் சுற்றிக் கட்டுகிற தடித்த ரெட்டுத் துணி அது. தேயிலைச் செடிக்கு நடுவே போகிறவர்களை மழைக்கு முந்தி செடிதான் நனைக்கும்.

"நான் இதக் கட்டிட்டுப் போனா என் கடைக்கு யாரு வருவா?" என்று முதலாளி அதைத் திருப்பிக் கொடுத்தார். கோசலா இரண்டையும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் கைவசம் இருக்கட்டும் என்று லோஜினி சனிக்கிழமையைச் சொன்னாள். சனிக்கிழமை வியாபாரத்தை விட முடியாது, ஞாயிறு கிளம்பலாம் என்றார் முதலாளி. லோஜினியும் சரி என்றாள். அங்கேதான் அவள் கணக்குப் பிசகியது.

நல்லதண்ணி ஊரிலிருந்து காலை ஏழு மணிக்கு மலை ஏறத் தொடங்கினார்கள். முதலாளி இஸ்திரி போட்ட சட்டை, புது ஜீன்ஸ். முதல் ஏற்றத்தில் அவளையும் முந்தினார். "மெதுவா மொதலாளி, பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும்" என்றாள். "பேசிக்கிட்டேதானே போறேன்" என்று சொல்ல வந்தவருக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. அதைச் சமாளித்துவிடலாம். முதல் லயம் வந்ததும்தான் வினை.

"அடியே, நம்ம கட மொதலாளிடீ!" என்று காளியாயி என்கிற பெண் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, தோட்டமே வீட்டில் இருந்தது. தீபாவளிச் சேலையிலிருந்து கல்யாணக் கூறை வரைக்கும் அவர் கடையில்தான் எடுப்பார்கள். "வாங்க மொதலாளி, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போனா எப்புடி?"

போக முடியாது. அந்த வாசலில் குடித்தால் அடுத்த வாசல் கோபித்துக்கொள்ளும். அக்காவோடு வந்தபோதும் கூப்பிட்டார்கள்தான். "இன்னொரு நாளைக்கு வாறோம் அத்தே" என்று கையை அசைத்துவிட்டு நடந்தாள். முதலாளி அப்படிச் சொல்ல முடியுமா? மத்தியானத்துக்குள் ஆறு வீடு, ஆறு தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். ஏழாவது வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டுக் குடும்பப் படம் எடுத்தார்கள்.

ஒரு மணிக்கு முடியவேண்டிய நடை ஐந்து மணிக்கு முடிந்தது. முதலாளியின் ஜீன்ஸ் தொடை வரைக்கும் ஊறியிருந்தது. "நாளைக்கு ஓட்டோ ஏதும் கெடைக்குமா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். இதே கதியில் போனால் செவ்வாய் மூன்று மணிக்கு அல்ல, புதன்கிழமைக்குத்தான் கொட்டகலை.

லோஜினி தங்கிய இடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து கணக்கைப் புதிதாகப் போட்டாள். எந்தக் கணக்கிலும் தேத்தண்ணிக்குப் போகிற நேரம் அடங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"கொழுந்து எடுக்கிறப்ப நாங்க நெனச்ச நேரமா தேத்தண்ணி குடிக்கிறோம்?" என்றாள் தனுஜா. "நிறுவைக்கு எறங்குறப்பதானே குடிக்கிறோம். மலைய விட்டுப் பாதியில யாரு எறங்குவா?"

லோஜினிக்கு அது போதும். நாளை திங்கட்கிழமை. காலை ஏழரைக்கெல்லாம் எல்லாரும் கொழுந்து மலைக்குப் போயிருப்பார்கள், லயங்களில் ஆளிருக்காது. மத்தியானம் கொழுந்து நிறுக்க எல்லாரும் மடுவம் என்கிற ஒரே கொட்டகைக்குத்தான் வருவார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் தோட்டம் முழுவதற்கும் ஒரே தேத்தண்ணி. அக்கா, அவர்கள் நடக்கிற வழியிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சேதி சொன்னாள்: மொதலாளிய மடுவத்துல பாக்கலாம்.

திங்கட்கிழமை லோஜினி கோசலாவை முன்னால் விட்டாள். தினமும் கோயிலுக்கு நடந்து பழகிய கால். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. "டீச்சரம்மாவ முந்தக் கூடாது மொதலாளி."

"வீட்டுலயும் இதே சட்டந்தான்" என்றார் அவர்.

ஈர ஜீன்ஸையே மறுபடி போட்டிருந்தார். அடிக்கொரு தரம் அதை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தார். மத்தியானம் மடுவத்துக்கு வந்தபோது தொடை இரண்டும் உரசிச் சிவந்துவிட்டன. கொழுந்து நிறுக்கிற தராசுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கோசலா லேசான காற்சட்டையை எடுத்துக் கொடுத்தார். முதலாளி மடுவத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, ஜீன்ஸைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"கணக்கப்பிள்ள ஐயா, இதக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க" என்றார் கோசலா.

கணக்கப்பிள்ளை அதைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். "ரெண்டு கிலோ நூறு."

"எங்க கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி இதுக்கும் ஈரத்துக்குக் கழிக்க மாட்டீங்களா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டதும் மடுவமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். ஒரே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மனைவியிடம் கை நீட்டினார். "அந்தப் படங்கத் தாங்க டீச்சர்."

எப்படிக் கட்டுவது என்று காட்ட நாலு பெண்கள் வந்தார்கள். காற்சட்டையைக் கால்மேசுக்குள் விட்டு, அட்டை ஏறாதபடி சவர்க்காரம் தேய்த்து, மேலே படங்கு. அன்று மூன்றரைக்கே தங்கும் இடம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கடைசி நாலு கிலோமீட்டர் தார் ரோடு. அதைத்தான் லோஜினி பயந்தாள். ஓடுகிற ஓட்டோக்காரன் எவனுக்கும் முதலாளியைத் தெரியும். "ஏறுங்க மொதலாளி, சும்மா கொண்டுபோய் விடுறேன்" என்று ஒருவன் ஓரமாக நிறுத்தினான். முதலாளி நின்றார். வலது முழங்காலைத் தடவினார். மணி இரண்டு ஐந்து.

கோசலா தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். ஒரு தந்திக்கம்பம், இரண்டு கம்பம்.

முதலாளி மனைவியின் முதுகைப் பார்த்தார். "நீ போ தம்பி. இந்தம்மா திரும்பிக்கூடப் பாக்காது. நான் பொறவு வீட்டுக்குப் போக வேணாமா?"

மூன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார்கள். பிரதாப் அவளைப் பார்த்தான், கோசலாவைப் பார்த்தான், படங்கு கட்டி நின்ற ஆளை இரண்டு தரம் பார்த்தான்.

"மொதலாளியா இது!"

"நடந்துதான் வந்தேன்" என்றார் சண்முகராஜா. "வேணும்னா ரோட்டுல கேட்டுப் பாரு."

பிரதாப் லோஜினி பக்கம் திரும்பினான். "திங்கக்கெழம, ஆறு பேரு. நீ முன்னால."

"அவங்க ஆறு பேரோட வயசு, இதுக்கு முந்தி எங்கெங்க நடந்திருக்காங்க, பையில என்ன உடுப்பு கொண்டாறாங்க, எல்லாம் எனக்கு இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கேவா?"

"முன்னால போறவ கேட்டாக் குடுக்கணும்" என்றாள் லோஜினி, கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பியபடி.