அபிசாய் சொன்ன சம்பளம்

அபிசாய்க்கு வருடத்துக்கு அறுபதாயிரம் டாலர் சம்பளம். இது அவனுக்கும் அவன் மனைவி சலோட்டேக்கும் மட்டும்தான் தெரியும். பிஜித் தலைநகர் சுவாவில் வேறு யார் கேட்டாலும் முப்பத்தைந்தாயிரம் என்றே சொல்லிவைத்திருந்தான்.

அவன் கஞ்சன் இல்லை. ஆனால் தீவிலிருந்து ஒரு சொந்தக்காரர் படகேறி வந்து, பாயில் உட்கார்ந்து, 'கெரே-கெரே', அதாவது 'கொஞ்சம் கொடேன்', என்று ஆரம்பித்துவிட்டால் இல்லை என்று சொல்ல எந்த பிஜிக்காரனுக்கும் வாய் வராது. கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு நீ கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள், அவ்வளவுதான் கணக்கு. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு ஒரு பக்கமாகவே ஓடும். அதனால்தான் குறைத்துச் சொன்னான். அது பொய் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டைச் சுற்றி வேலி போட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

அவன் தாய்மாமன் மகன் பெனியோனியும் புரோகிராம் எழுதுகிறவன்தான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறொரு கம்பெனியில். மாமன் மகனும் அத்தை மகனும் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டே ஆக வேண்டும், அங்கே அது மரியாதை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அபிசாயின் ஆபீஸ் கொல்லையில் குடிப்பதற்குக் காவா வேர்ப்பொடியைக் கரைத்து எல்லோரும் வட்டமாக உட்காரும்போது பெனியோனியும் வந்துவிடுவான்.

"இவன் எழுதின புரோகிராம் ஓடணும்னா பாதிரியார் வந்து ஜெபம் பண்ணணும்" என்பான்.

"உன்னுது ஜெபத்துக்கும் ஓடாதுடா, அடக்கம்தான் பண்ணணும்" என்பான் அபிசாய்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் பெனியோனி கேட்டான். "மச்சான், உங்க கம்பெனில என்னைக் கூப்பிடுறாங்க. எவ்வளவு எதிர்பார்க்கிறேன்னு கேட்டிருக்காங்க. நீ என்ன வாங்குற?"

பக்கத்திலேயே ஆபீஸ் டிரைவர் தெவிதா பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் இவர்கள் தீவுக்காரர்தான். அவர் காதில் விழுந்தது அடுத்த படகிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அபிசாயின் வாயில் பழகிய எண்ணே வந்தது.

"முப்பத்தஞ்சு."

"அவ்வளவுதானா? மாடு மாதிரி உழைக்கிறியேடா! நான் அம்பது கேக்கலாம்னு இருந்தேன்."

"அதெல்லாம் தரமாட்டாங்க." இந்த இரண்டாவது பொய்யை யாரும் அவனிடம் கேட்கவே இல்லை.

பெனியோனி சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "இப்போ முப்பத்திரண்டு வாங்குறேன். அங்க பொண்டாட்டி, புள்ளை எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு. இங்க எனக்கு மட்டும்தானாம். பாப்பாவுக்கு வேற இளைப்பு. கணக்குப் பார்த்தா வரக்கூடாது. ஆனா நீ இருக்கியே! உன்னைவிட ஜாஸ்தி கேட்டா அத்தை என்னை வெட்டிப் போட்டுருவாங்க. அதே முப்பத்தஞ்சு கேக்குறேன்."

அன்றிரவு வீட்டில் விஷயத்தைக் கேட்டதும், "சொல்லிடு. அவன் யாரு, உன் மாமன் மகன்தானே?" என்றாள் சலோட்டே.

"சொன்னா தீவு முழுக்கத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே. கொடுக்க முடிஞ்சதைக் கொடுப்போம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அபிசாயும் பெனியோனியும் பாடினார்கள். வெளியே வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தான் அபிசாய். சொல்லவில்லை. திங்கட்கிழமை பெனியோனி கையெழுத்துப் போட்டுவிட்டான். கேட்ட சம்பளம் மறுபேச்சில்லாமல் கிடைத்ததில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் அபிசாய்க்கு வேதனை ஆரம்பித்தது. பெனியோனி தன் தோட்டத்துத் தாலோ கிழங்கை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து இறக்குவான். "மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு முப்பத்தஞ்சுல எப்படிடா ஓட்டுற? வெக்கப்படாம வாங்கிக்க." மகளின் மருந்துச் செலவுக்காக அவனே லீவு நாட்களில் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான் என்பது சலோட்டே சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கிழங்கைத் தின்னும்போதெல்லாம் அபிசாய்க்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நாள் மேனேஜர் ஜில்லியன் அவனை அறைக்குள் கூப்பிட்டாள். "உங்க மச்சான் வந்திருந்தார். உங்களுக்குச் சம்பளம் கூட்டித் தரணும்னு என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போறார். இத்தனை வருஷம் வேலை செஞ்சவருக்கும் நேத்து வந்த எனக்கும் ஒரே சம்பளமான்னு கேக்குறார். அப்படி இல்லையேன்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. எவ்வளவுன்னு சொல்லலை. மன்னிச்சுக்குங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."



வெள்ளிக்கிழமை வந்தது. இன்றைக்கு மச்சான் நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கப் போகிறான் என்று நினைத்தான். வாங்கட்டும் என்றும் ஏங்கினான். திட்டித் தீர்த்துவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். பெனியோனியோ வந்து உட்கார்ந்து காவாவைக் கரைக்க ஆரம்பித்தான். ஒரு கேலி இல்லை. அபிசாயின் தொப்பையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை வரவில்லை.

தெவிதா பெரியப்பா ஊர்த் தேவாலயக் கூரைக்கு வசூலை ஆரம்பித்தார். "சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி கொடுங்கப்பா. அபிசாய், நீ இங்க பெரிய ஆளுன்னு பேசிக்கிறாங்களே. உனக்கு எரநூறு போடட்டுமா?"

"அவன்கிட்ட ஏன் பெரியப்பா அவ்வளவு கேக்குறீங்க?" என்றான் பெனியோனி, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவனுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்தான். ஆளுக்கு அம்பது போடுங்க."

அடுத்து ஒரு கேலி வரும் என்று எல்லோரும் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். வரவில்லை. பெனியோனி சிரட்டையில் காவாவை மொண்டு, இரண்டு கையாலும் அபிசாயிடம் நீட்டினான், வெளியூர் விருந்தாளிக்கு நீட்டுவதுபோல.

இப்போதாவது வாயைத் திறக்கலாம், இவர்கள் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அபிசாய் நினைத்தான். சிரட்டையை வாங்கிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். பெரியப்பா கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

பாக்கெட்டிலிருந்து ஐம்பது டாலர் நோட்டை எடுத்துக் கொடுத்தான்.