பிலோமினா டீச்சரின் வெள்ளிக்கிழமைகள்

பிலோமினா டீச்சர் காலமான செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. தரம் ஒன்பதுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிபர் வகுப்பு வாசலில் நின்று வெளியே கூப்பிட்டார். லிந்துலையில், அவருடைய வீட்டில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மிச்சக் கணக்கையும் செய்து முடித்தேன். என்ன கணக்கு என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

அவரை அறிந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டயகம பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பாடசாலையின் கணினி அறைக்கு அவர்தான் பொறுப்பு. இருப்பது எட்டுக் கணினிகள். எங்கள் ஊர் ஈரத்துக்கு அவை அடிக்கடி மக்கர் பண்ணும். அதனால் காலையில் முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் போட்டுச் சூடேற விடுவார். அடுப்புப் பற்றவைத்தாச்சா டீச்சர் என்று கேலி செய்வேன். "கொழுந்துக்குப் பனி நல்லது விமலா, கம்ப்யூட்டருக்கு ஆகாது" என்பார். பிள்ளைகள் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே யார் பாடம் செய்கிறார்கள், யார் விளையாடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது.

ஆனால் நான் எழுத வந்தது வெள்ளிக்கிழமைகளைப் பற்றி. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாமார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். தோட்டத்து மேல்பிரிவு லயங்களின் வரிசை வீடுகளுக்குச் சிக்னல் எட்டாது. எட்டுகிற இடத்தில் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அந்த நாடுகளில் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போவார்கள். வேலை செய்யும் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிவது அந்த நேரத்தில்தான். இங்கே அப்போது பள்ளி விட்டிருக்கும். பிள்ளைகள் அம்மாவிடம் வீடியோவில் பேசட்டும் என்று அந்த நேரத்துக்குத்தான் டீச்சர் கணினி அறையைத் திறந்துவைத்தார்.

முதல் சில வாரங்கள் ஒரே அழுகை. அம்மாவின் முகத்தைக் கண்டதும் பிள்ளைக்குப் பேச்சு வராது, அதற்குள் நேரம் போய்விடும். டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி என்ற பெயரில், வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொல்லப்போவதை வாரம் முழுக்க அடிக்க வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் "நான் நல்லா இருக்கேன்" என்றே அடித்தார்கள். "பொய் சொல்றதுக்கா நெட்டு? கால்ல அட்டை கடிச்சத எழுது, பாட்டி ஏசுனத எழுது. அப்பத்தான் அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார். கமராவில் முகம் மட்டும்தானே தெரியும்? அதனால் மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் கதவோரம் வரை பின்னால் போய் நிமிர்ந்து நிற்கச் சொல்வார். அம்மா உயரம் பார்ப்பதற்காக.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் அவருடைய அம்மாவும் குவைத்தில் இருந்தவராம். கேசட்டில் பேசி அனுப்புவாராம். "போட்டுப் போட்டு நாடா தேஞ்சு போச்சு. அம்மா கேள்வி கேப்பாங்க, நான் பதில் சொல்வேன். அது அவங்களுக்குக் கேக்காதுல்ல" என்றார்.

வேலை முடிந்ததும் இருவரும் பஸ்ஸுக்கு நிற்போம். அவருக்குக் கணவர் இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. போகிற வீட்டில் இருவருக்கும் பேச ஆள் கிடையாது. கனடாவில் இருக்கும் மகன் எப்போது பேசுவார் என்று கேட்டதற்கு, "அவனுக்கு எந்நேரமும் நெட் இருக்கு விமலா. அதனால அவசரமே இல்ல" என்று சிரித்தார்.

சாவுச் செய்தி வந்ததற்கு மறுநாள் வெள்ளி. இறுதிச் சடங்குக்காகப் பாடசாலை முழுவதும் லிந்துலைக்குப் புறப்பட்டது. வேறு பொறுப்பாசிரியர் வரும்வரை கணினி அறை பூட்டியே இருக்கட்டும் என்று அதிபர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே தொழுகை நேரத்துக்குக் காத்திருக்கும் அம்மாமாருக்கு யார் சொல்வது? நான் சாவியைக் கேட்டேன்.

"டீச்சருக்கு மரியாத செய்ய வரலியாங்க?" என்றார் அதிபர்.

"அதுக்குத்தாங்க சேர் சாவி கேக்குறேன்."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் மட்டும் என்னோடு நின்றார்கள். திரையில் முதலில் வந்தது தரம் ஏழு சர்மிளாவின் அம்மா. மகளைப் பார்த்ததும், "டீச்சர் எங்கம்மா? ஜன்னல் பக்கம் காணோமே" என்று கேட்டார். சர்மிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அடுத்த அறையில் வீட்டுக்காரம்மா இருந்தார் போல. சத்தம் வராமல் இருக்க, தலையில் போட்டிருந்த துணியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

பிறகு, "இத்தன வருசமா அவங்க முதுகத்தாங்க பாத்திருக்கேன். மொகம் எப்படி இருக்கும்னு தெரியாதுங்க" என்றார்.

உண்மைதான். திரையில் ஒரு கண் வைத்திருக்க வேண்டியதுதான் பொறுப்பாசிரியரின் வேலை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் டீச்சர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார், பிள்ளையும் அம்மாவும் கூச்சமில்லாமல் பேசட்டும் என்று. என் போனில் விளையாட்டுப் போட்டியன்று எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை ஒவ்வொரு கணினியாகக் கொண்டுபோய்க் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். யார் யாருடைய வீட்டுச் சமையலறைகளிலோ நின்றபடி அந்தப் பெண்கள் டீச்சரின் முகத்தை முதல்தடவையாகப் பார்த்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார். லிந்துலைக்கு நான் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைப் பொறுப்பு என்னுடையது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஜன்னலோர நாற்காலி. வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. முதுகுக்குப் பின்னால், அட்டை கடித்ததையும் பாட்டி ஏசியதையும் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கூப்பிட அந்தத் திரைகளில் யாரும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம் முகம் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சர் அங்கே அழுதிருக்கிறார் என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும்.