பாலத்து ஏற்றத்தில் ஒரு கைலி

எங்கள் பக்கம் மலை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு மேடுகூடக் கிடையாது. சைக்கிள்காரர்களுக்கு மூச்சு வாங்க வைப்பது பாம்பன் பாலம் ஒன்றுதான். கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்து நிற்கும். அம்மா வாரம் இரண்டு முறை சைக்கிளில் கருவாடு ஏற்றிக்கொண்டு மண்டபம் போவாள். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே இறங்கிவிடுவாள். பாதி தூரம் தள்ளுவதற்குள் பாலத்தைக் கட்டியவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருப்பாள்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். கடலுக்குப் போன அய்யா நான்கு நாளாகத் திரும்பவில்லை. அன்று காலை மண்டபத்திலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவள் அய்யாவின் சட்டையையும் நீலக்கட்டம் போட்ட கைலியையும் பையில் வைத்தாள்.

"ஏறுடி. அய்யாவப் பாக்கப் போறோம்."

"வந்துட்டாகளாம்மா?"

"ம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறிக் குந்தினேன்.

ஏற்றம் வந்தும் அம்மா இறங்கவில்லை. சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். ரவிக்கை முதுகோடு நனைந்துபோயிருந்தது. புருஷனைப் பார்க்க அவ்வளவு ஆசையாக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாவம், நாமும் கைகொடுப்போம் என்று தோன்றியது. படகுக்காரர் மகளுக்கு யோசனைக்கா பஞ்சம்? கொண்டல் காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கைலியை எடுத்து, வள்ளத்தில் பாய் விரிப்பதுபோல் தலைக்குமேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சைக்கிள் நாலு முழம் தானாகவே ஏறியது. அடுத்த வீச்சில் கைலி பிய்த்துக்கொண்டு போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலில் விழுந்தது.

"அம்மா, அய்யா கைலி!"

அம்மா திரும்பிப் பார்த்தாள். பென்சிலைத் தொலைத்தாலே முதுகைப் பழுக்க வைக்கிறவள், "போவுது விடு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள்.

மண்டபம் கரையில் ஒரே கூட்டம். நடுவே, தார்ப்பாய்மேல் அய்யா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"மாத்துத்துணி கொண்டாந்தியாம்மா?" என்று ஒருவர் கேட்டார். அம்மா சட்டையை மட்டும் நீட்டினாள். அவர் தன் தோள்துண்டை எடுத்து அய்யாவின் இடுப்பில் போர்த்தினார்.

அம்மா அய்யாவின் நெஞ்சில் விழுந்து கதறினாள். பாதியில் நிற்கும் வீட்டைச் சொன்னாள், என் படிப்பைச் சொன்னாள், வந்துவிடுவார் என்று முந்தாநாள் வைத்த மீன்குழம்பைக்கூடச் சொன்னாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். கைலியைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. அய்யாவிடம் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு அன்று அப்படியொரு நிம்மதி.