பின்சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் கட்டிங் பிளேயரும் சால்டரிங் அயனும்தான். எழுத்துகள் வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கும். பிழைகளும் இருக்கும். திருத்தித் தர வீட்டில் ஆள் இல்லை. என் மகள் பெங்களூரில் கன்னடம் படித்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. அச்சில் போடுகிறவர்கள் சரி செய்துகொண்டால் நன்றி.

மஞ்சள் வயர் ஒன்றைக் கையில் எடுத்தால் இன்றும் எனக்கு முதலில் கேட்பது எங்கள் ஷெட்டில் கார் சீட் தைத்த சீட் அக்காவின் குரல்தான். கார் வயர்கள் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மஞ்சள் வயரின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடும், பச்சையின் மேல் வெள்ளை ஓடும். எந்த வயர் எங்கே போகிறது என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் பிடிப்போம். அக்கா முதல் நாள் அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் உடம்பு, செவப்புக் கரை. புடவைதானே இது?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பெண்களிடம் என்றில்லை, யாரிடமுமே நானாகப் போய்ப் பேச்சைத் தொடங்கும் பழக்கம் எனக்கு இல்லை. காருக்கு அடியிலோ டேஷ்போர்டுக்கு உள்ளேயோ தலையை நுழைத்துக்கொண்டு செய்கிற வேலை என்பதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது எங்கள் ஷெட். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். என்ஜின் வேலைக்கு ஒரு மேஸ்திரி, வயரிங்குக்கு நான், சீட் வேலைக்கு அக்காவின் கணவர் என்று பல வருடம் ஓடியது. பிறகு அவருக்குக் கண் மங்கியது. தையல் கோடு தெரியாமல் வேலையை விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி தனியாக ஷெட்டுக்கு வந்தார். வீட்டில் சோபா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கார் வேலையும் எனக்கு வரும், கணவருக்குத் துணி வெட்டிக் கொடுத்ததெல்லாம் நான்தான் என்று பாயிடம் நேராகச் சொன்னார். பாய்க்குச் சங்கடம். ஷெட்டில் பெண்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பாருங்கம்மா, ஒரு வண்டி குடுக்கறேன். முழுசா நீங்களே பண்ணுங்க. சரியா வந்துச்சா, அந்த மூலை உங்களுது. தையல் மெஷினைக் கொண்டாந்து போட்டுக்கலாம். வரலியா, சலாம். கோவிச்சுக்கக் கூடாது," என்றார். அந்த மூலையில் அப்போது பேட்டரி சார்ஜ் போடும் மேஜை கிடந்தது.

அந்த ஒரு வண்டி மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு சாருடையது. அவருடைய அப்பா வாங்கிய பழைய பெட்ரோல் கார். என்ஜின் ஓய்ந்துபோயிருந்தது. வேறொரு கம்பெனி காரின் புது மாதிரி என்ஜினை எங்கிருந்தோ வாங்கி வந்து, இதை இதில் ஏற்றுங்கள், உள்ளே சீட்டிலிருந்து கூரைத் துணி வரை எல்லாம் புதிதாக வேண்டும் என்றார். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஊர் ஊராகக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அம்மாவுக்கு இடுப்பு வலி.

என்ஜினை மாற்றுவது மேஸ்திரிக்குத் தூக்கி வைக்கிற வேலை. எனக்கு அப்படி இல்லை. பழைய என்ஜினுக்குப் போகிற வயர்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். புது என்ஜினோ தொடை கனத்துக்கு ஒரு வயர்க் கட்டையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையும் கூடவே கொண்டு வந்திருந்தது. வயரிங் செட் என்று நாங்கள் சொல்கிற அந்தக் கட்டை, அது முன்பு இருந்த காரிலிருந்து கழற்றியவர்கள் பொறுமை இல்லாமல் பாதியில் வெட்டியிருந்தார்கள். எங்கள் காருக்குள் இருந்த பழைய செட்டையும் இதையும் தரையில் சாக்கு விரித்துப் பக்கம் பக்கமாகப் போட்டேன். லைட், ஹாரன், மீட்டர் எல்லாம் பழைய செட்டில். என்ஜின் முழுக்கப் புதுசில். இரண்டையும் கலந்து ஒரே செட்டாகக் கட்ட வேண்டும். சோதித்த வயரில் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுவது வழக்கம். எழுதுவது எனக்குச் சிரமம் என்பதால் நான் நூல் கட்டுவேன். அக்கா அதைக் கவனித்துவிட்டு, மிச்ச நூல் கண்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு என் பக்கம் தள்ளி வைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியில் நூல் எல்லாம் அக்கா கொடுத்ததுதான்.

பழைய என்ஜின் பெட்ரோலைத் தானே இழுத்துக்கொள்ளும். புதுசுக்கு டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்பு வேண்டும். டேங்க் இருப்பது வண்டியின் பின்னால். ஆகவே முன்னாலிருந்து பம்புக்கு ஒரு வயர், கதவு ஓரமாக ஓடி, பின்சீட்டுக்கு அடியில் தரையை ஒட்டிப் போனது. அக்கா சொன்ன மஞ்சள் உடம்பு, சிவப்புக் கரை அதுதான். நான் அதை இறுக்கிக் கட்டிவிட்டு நகர்ந்ததும் அக்கா கார்ப்பெட் விரித்தார். அதன் மேல் சீட்.

அக்காவின் வேலை அவ்வளவு சுத்தம். சாரின் அம்மாவுக்காகப் பின்சீட்டில் ஸ்பாஞ்ச் ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டு, அடியில் பலகை வைத்து ஸ்க்ரூ அடித்திருந்தார். கதவுப் பலகையில் தையல் நூல் பிடித்த கோடு போல ஓடியது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கார் சீட்டா, கல்யாண சோபாவா? உக்காந்தா தூங்கிடுவேன் போலக்கீது," என்றார். அக்கா நிமிராமலே, "உன் என்ஜின் ஓடலைன்னா எல்லாரும் இதுலதான் குடித்தனம் பண்ணணும். அதான் நல்லா போட்டிருக்கேன்," என்றார். அன்றைக்குப் பாய் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு அந்த மூலை கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மேஸ்திரி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பாய் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு மல்லேஸ்வரம் பக்கம் ஒரு சுற்றுக் கிளம்பினோம். முதல் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. என்ஜின் இருமியது, நின்றது. பார்த்தால் பம்பு ஃப்யூஸ் எரிந்திருந்தது. மாற்றினேன், ஓடியது. அடுத்த பள்ளத்தில் மறுபடியும் நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கடைசியில் பாய் இறங்கி ஓரமாகத் தள்ள, நான் இன்னொரு ஃப்யூஸ் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, ஆச்சரியமாக, ஷெட் வரை நிற்காமல் வந்தது. பாய் மறுபடியும் ஏற மாட்டேன் என்று ஆட்டோவில் வந்தார்.

"வண்டிக்கு உங்களைத் தூக்கத் தெம்பு இல்ல பாய்," என்றார் மேஸ்திரி.

"சும்னே இரு. ஃப்யூஸ் போவுதுன்னா வயரிங். இவன் வேலை," என்று பாய் என்னைக் காட்டினார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பக்கம் முழுக்க மறுபடியும் பிரித்தேன். என்ஜின் வயரும் உள் வயரும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இழுத்தாலும் ஆட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. சாருக்குச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாய் கத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்கத் தொடங்கியிருந்தார். அது கத்துவதைவிட மோசம்.

அக்காதான் என் பக்கத்தில் வந்து குந்தினார். "தம்பி, பாய் பின்னாடி உக்காந்தாத்தானே நிக்குது? முன்னாடி தோண்டினா எப்படிக் கிடைக்கும்? சீட்டைக் கழட்டிப் பார்க்கலாம் வா," என்றார். சீட் வேலை அக்காவுடையது. முடிந்துபோன வேலை. அதைக் கழற்றச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது. அக்காவே விளக்கைப் பிடித்துக்கொண்டார். நான் சீட்டைத் தூக்கினேன். கார்ப்பெட்டில் சிறிய ஓட்டை ஒன்று இருந்தது. கார்ப்பெட்டை விலக்கினால், மஞ்சள் வயரின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. நேர் மேலே, பலகையிலிருந்து ஒரு ஸ்க்ரூவின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்ச் கூடியதால் அக்கா நீளமான ஸ்க்ரூ போட்டிருக்கிறார். ஆள் கனமாக உட்கார்ந்து வண்டி குலுங்கினால் பலகை வளைந்து, முனை வயரைத் துளைத்துக்கொண்டு தரைத் தகட்டைத் தொடும். ஃப்யூஸ் போகும். சோபாவில் அந்த ஸ்க்ரூ போட்டால் ஒன்றும் ஆகாது. சோபாவுக்கு அடியில் காற்றுதான் இருக்கிறது.

இருவரும் அதைப் பார்த்தோம். அக்காவின் முகம் வாடிப்போனது. அந்த ஒரு வண்டி, பாய் அன்றைக்குச் சொன்ன பேச்சு, எனக்கும் ஞாபகம் வந்தது. "அக்கா, நான் வயரை வேற வழியா ஓட்டிடறேன். வயர் உரசிடுச்சுன்னு சொல்லிக்கலாம். என்னோடதாவே இருக்கட்டும்," என்று மெதுவாகச் சொன்னேன். ஷெட்டில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதற்குள் பாய் வந்துவிட்டார்.

"க்யா ரே, கிடைச்சுதா?"

"வயர் உரசிடுச்சு பாய்," என்றேன்.

"உரசல பாய்," என்றார் அக்கா. "என் ஸ்க்ரூ குத்திடுச்சு. சோபாவுக்குப் போடற நீளத்துல போட்டுட்டேன். தம்பி வேலை சரியாத்தான் கீது."

மேஸ்திரி, "அப்ப சோபா கடைக்கே போய்டுங்கக்கா," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "போறேன். இந்த சீட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்," என்றார் அக்கா. பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் திரும்பினார். கோபமாகத்தான் இருந்தார். "நல்ல மனசுதான் உனக்கு. ஆனா நீ மறைச்சா அடுத்த வண்டியிலயும் இதே ஸ்க்ரூவைப் போட்டிருப்பேன். அப்பவும் நீ வந்து உரசிடுச்சுன்னு சொல்லுவியா? பொய்யில கிடைக்கிற மூலையில நான் எப்படி உக்காந்து தைக்கிறது? வா, எது எதுக்கு அடியில எது ஓடுதுன்னு காட்டு."

காட்டினேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து டிக்கி வரை வயரிங் செட் போகிற வழியெல்லாம் நான் முன்னால் போக, அக்கா உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். எங்கெங்கே கிளை பிரிகிறது, எங்கே ஸ்க்ரூ கூடாது என்று கேட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, பலகைக்குத் தகட்டுப் பட்டை வைத்துக் குட்டை ஸ்க்ரூ அடித்தார். நான் வயரை மாற்றிக் குழாய்க்குள் விட்டேன். வேலை முடிந்ததும் அக்கா கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்ததைப் பார்த்தேன். டேப்பும் உள்ளே போனது. ஷெட்டில் எதையும் விட்டுப்போகக் கூடாது என்று இருந்தார் போலிருக்கிறது.

பாய் திரும்பி வந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதே சாலை. பள்ளம் வரும்போதெல்லாம் எழும்பி எழும்பி வேண்டுமென்றே விழுந்தார். மேஸ்திரி கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. ஷெட்டுக்கு வந்ததும் பாய் இறங்கி, நேராகப் பேட்டரி மேஜையிடம் போய் அதன் ஒரு முனையைப் பிடித்தார். "மேஸ்திரி, அந்தப் பக்கம் பிடி. வெளிய போடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "மெஷினுக்கு ஒரு பிளக் பாயிண்ட் போடு. எங்க வேணும்னு அந்தம்மாகிட்டயே கேளு. தப்பை அவங்களே சொன்னாங்க, பாயிண்டையும் அவங்களே சொல்லட்டும்," என்றார்.

அக்கா வாசலில் பையோடு நின்றிருந்தார். நான் போனேன். பாய் சொல்லித்தான் என்றாலும், ஒருவரைத் தேடிப் போய் நான் பேச்சைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. "அக்கா, பாயிண்ட் எங்க வேணும்?" அக்காவுக்கு முதலில் புரியவில்லை. மேஜை வெளியே போவதைப் பார்த்ததும் புரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு மூலைக்கு வந்து, சுவரைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். "கீழ போடு தம்பி. மெஷின் பெடல் பக்கத்துல, வயர் தொங்காம," என்று கால் முட்டிக்கும் கீழே ஒரு இடத்தைக் காட்டினார்.

அக்கா அந்த மூலையில் பல வருடம் தைத்தார். கார்ப்பெட் விரிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு வயரிங் வழியைக் கையால் தடவிப் பார்க்காமல் எந்த வண்டியையும் மூடியதில்லை. இப்போது அக்காவுக்குப் பிரேசர் டவுனில் சொந்தக் கடை. இரண்டு பெண்கள் கூட வேலை பார்க்கிறார்கள். எங்கள் ஷெட்டில் அந்த மூலையில் இப்போது லேப்டாப் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரைச் சோதிக்கிற ஆள் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அவர் சார்ஜரைச் செருகத் தரை வரை குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "யாருண்ணா இந்த பாயிண்டை இவ்ளோ கீழ போட்டது? கேட்டுப் போடக் கூடாதா?" என்றார்.

"கேட்டுத்தான் போட்டேன்," என்றேன். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதினேன்.

ஒக்கலிபுரம்,
விஜயதசமி நாள்.