பொட்டுக்கு இடம் விட்ட பிளேட்

1. போனில் வந்த புகார்

கடையைத் திறந்து முதல் டீ கூடக் குடிக்கவில்லை, போன் அடித்தது. கிணத்துக்கடவு பொன்னுசாமி அண்ணன். நல்ல கை உள்ள தச்சர். ரூட்டர் மிஷினுக்கு என்னிடம்தான் பேஸ் பிளேட் வாங்குவார்.

"ஏனுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்ண்ணா, சொல்லுங்க."

"ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? அங்க மழைங்களா?"

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டுவதற்குப் போன் பண்ணினாலும் சாப்பாடு, சௌக்கியம், மழை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். அண்ணன் மழை வரைக்கும் போனதுமே ஏதோ புகார் என்று புரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க குடுத்த பிளேட்டு வளைஞ்சுபோனாப்பல இருக்குதுங்க. ஒரு தேக்குச் சட்டம் வீணாப்போச்சுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கணபதி ஏரியா முழுக்கத் தெரியும். என் பிளேட் வளைவதாவது! ஆனால் அவர் சொன்ன அடுத்த விஷயம் என் வாயை அடைத்துவிட்டது. உள்ளூரில் ஒருவரின் புது வீட்டுக்குத் தலைவாசல் கதவு. வெள்ளிக்கிழமை விடிகாலை கிரகப்பிரவேசம். அன்றைக்குப் புதன். அதே தேக்கில் மாற்றுச் சட்டம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் கெட்டால் கதவில்லாத வீட்டில்தான் பால் காய்ச்ச வேண்டும். அண்ணன் அந்த ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

"இருங்ண்ணா, நானே வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

2. பிளேட் என்றால் என்ன

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரூட்டர் என்பது மரத்தில் பள்ளம் போடவும் ஓரத்தில் டிசைன் எடுக்கவும் பயன்படும் கை மிஷின். நடுவில் பிட் என்னும் வெட்டும் முனை சுற்றும். அதன் அடியில் இருக்கும் தட்டுதான் பேஸ் பிளேட். அது மரத்தின் மேல் உட்கார்ந்து நகரும். பிளேட் சாய்ந்தால் பிட் சாயும், பிட் சாய்ந்தால் டிசைன் கோணல். அவ்வளவுதான் கணக்கு.

கம்பெனி கொடுக்கும் பிளேட் சின்னது. சட்டத்தின் ஓரத்தில் வைத்து ஓட்டினால் பாதி மிஷின் அந்தரத்தில் தொங்கும், கை லேசாக அசந்தாலும் கவிழும். நான் அக்ரிலிக்கில் நேம் போர்டும் ஷீல்டும் வெட்டிக்கொண்டிருந்தவள். ஒரு கார்பென்டர் மிஷினோடு வந்து, "இதுக்குக் கண்ணாடியாட்ட, அகலமா ஒண்ணு வெட்டிக் குடுங்கக்கா, பிட்டு போறது கண்ணுக்குத் தெரியோணும்" என்றார். வெட்டிக் கொடுத்தேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். இப்போது ஷீல்டு கேட்டு யாராவது வந்தால் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஒன்றில் மட்டும் நான் கறார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் வெட்ட மாட்டேன். ஒவ்வொரு மாடலுக்கும் ஸ்க்ரூ ஹோல் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். மிஷின் என் டேபிளுக்கு வர வேண்டும். சென்டர் எடுத்து, ஹோல் போட்டு, ஸ்க்ரூ தலை மரத்தில் உரசாதபடி கவுன்டர்சிங்க் பண்ணித்தான் கொடுப்பேன். அதனால்தான் அண்ணன் வளைந்துவிட்டது என்றதும் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது.

3. கிணத்துக்கடவில்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பையில் அளவெடுக்க வெர்னியர், மூலைமட்டம், தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று. அண்ணனின் பட்டறையில் காப்பி தயாராக இருந்தது. என்னதான் மனவருத்தம் இருந்தாலும் காப்பியில் குறை வைக்க மாட்டார்.

மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆயுத பூஜை முடிந்த சூடு ஆறவில்லை. தெளிவான பிளேட் வழியாக உள்ளே சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று தெரிந்தன. கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியதே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. பிளேட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து நாலு மூலையையும் அழுத்தினேன். ஆடவில்லை. காகிதம்கூட நுழையவில்லை.

"பாத்தீங்களாண்ணா? பிளேட்டு மட்டமா இருக்குது. உங்க மிஷின்ல பேரிங் போயிருக்கும்."

"போன மாசந்தானுங்க பேரிங் மாத்துனேன்" என்றார். முகம் வாடிவிட்டது.

மறுபடி மாட்டி மூலைமட்டத்தை வைத்தேன். பிட் சாய்ந்து நின்றது. கழற்றினால் பிளேட் நேராக இருக்கிறது, மாட்டினால் பிட் கோணலாக நிற்கிறது. இரண்டு பேரும் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மூன்றாம் முறை ஸ்க்ரூ முறுக்கும்போதுதான் ஒரு பக்கம் மெல்லிய சந்து தெரிந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தேன். பொட்டு.

குழைத்து அப்பிய சந்தனம் ஒரு ரூபாய்க் காசு கனத்துக்குக் காய்ந்து கல்லாகியிருந்தது. என் பிளேட் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்ணெதிரில் இருந்தும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரியாததில் என்ன ஆச்சரியம், பொட்டு இல்லாத மிஷினை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்?

"ஏனுங்ண்ணா, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலீங்களா?"

"மேல வச்சா கை பட்டு அழிஞ்சுபோகுதுங்க. அடியில வச்சா மரத்துல தேஞ்சுபோகுது. அதான் இந்தத் தடவ உள்ள வச்சேன், வருசம் பூரா இருக்குமுங்களே."

நியாயம்தான்.

"செரி, தொடைங்க மொதல்ல."

அண்ணன் அசையவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரல் நுனியில் பெரிய தழும்பு. "போன தடவ தூசியோட தூசியாத் தொடச்சுபோட்டேனுங்க அம்மணி. அந்த வாரமே பிட்டு வெரல்ல எறங்கிருச்சு. கதவு போனாப் போவுதுங்க. இதைய நான் தொடைக்க மாட்டேன்."

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "கதவு போனாப் போகுதா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் லேசர் மிஷின் மூடியில் வைத்த பொட்டைச் சர்வீஸ் இன்ஜினியர் துடைக்கப் போனபோது, நான் அவரை விரட்டாத குறையாகச் சத்தம் போட்டிருக்கிறேன். அந்த மிஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. இவருக்கு இது. சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் கையை வைக்கப்போகிறவர் அவர், நானில்லை. அந்தக் கை நடுங்கினால் என் பிளேட் எவ்வளவு மட்டமாக இருந்து என்ன பிரயோஜனம்?

"மார்க்கர் இருக்குதுங்களாண்ணா?"

பிளேட் கண்ணாடியாக இருந்தது எவ்வளவு வசதி! மேலிருந்தபடியே பொட்டைச் சுற்றிக் கோடு போட்டேன். கழற்றித் திருப்பி, மேஜையில் கிளாம்ப் போட்டு, அவருடைய ட்ரிம்மரை, அதாவது குட்டி ரூட்டரை, வாங்கிக் கோட்டுக்குள் அளவாகக் குழி எடுத்தேன். அக்ரிலிக் தூள் என் தலையெல்லாம் பறந்தது. மாட்டினோம். பொட்டு குழிக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. மூலைமட்டத்தை வைத்தேன். பிட் நேராக நின்றது.

கழிவு மரத்தில் ஓட்டிப் பார்த்தோம். சரி. பிறகு அந்தக் கடைசித் தேக்குச் சட்டம். அண்ணன் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆன் பண்ணினார். அவர் கை ஆடவே இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு ஒரே ஆழத்தில் போனது. மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னொரு காப்பி சாப்பிடுங்க அம்மணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கதவு அதன் இடத்தில் நின்றது.

4. இப்போது

கஸ்டம் பிளேட் என்றால் மிஷினை அளந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. மிஷினைப் பிடிக்கிறவர் எதை நம்பி அதைப் பிடிக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து ஹோல் அளவு எடுக்கும்போதே, "பொட்டு எங்க வைப்பீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் விரலை வைத்து இடத்தைத் துல்லியமாகக் காட்டுவார்கள்.

போன வாரம் பெருந்துறையிலிருந்து ஜோசப் என்று ஒரு தம்பி வந்தார். கேள்வியைக் கேட்டதும் சங்கடமாக நெளிந்தார்.

"நாங்க பொட்டு வைக்கறதில்லீங்கக்கா." மிஷினின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "ஆனா சின்னதா ஒரு சிலுவை ஸ்டிக்கர் ஒட்டுவேனுங்க."

"ஒட்டிட்டு வாங்க தம்பி," என்றேன். "அளந்து வெட்டறேன்."